சுவரில் மூன்றாவது மாலை

திவாகரன் சட்டையில்லாமல் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய சாவுக்கு முதல் ஆள் வந்து சேர்ந்தார்.

செரண்டாவிலிருந்து வந்த பெரியப்பா மகன் ரெங்கசாமி. கையில் மாலை. கண்ணில் தண்ணீர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஐயோ தம்பி..." என்று ஆரம்பித்தவர், உள்ளே பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

திவாகரன் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"வாண்ணே. யாருக்கு மாலை?"

ரெங்கசாமி மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது மறைகிற அளவு சின்ன மாலை இல்லை.

அடுப்படியிலிருந்து உஷாராணி வந்தாள். ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கே மேற்பார்வை பார்க்கிறவள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். மாலையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

"என்னா மாமா இது?"

"போன்ல வந்துச்சும்மா..." ரெங்கசாமிக்கு வியர்த்தது. "எல்லா குரூப்புலயும் போட்டிருக்காங்க. நான் பொய்யா சொல்றேன்? நீயே பாரு."

அவள் போனைப் பிடுங்கினாள்.

கோல ஈகல்ஸ் கூடைப்பந்துக் குழுவின் பக்கம். புதிதாகக் கட்டிய அரங்கத்தின் முன்சுவர். குழுவின் கதை முழுவதையும் அதில் ஓவியமாகத் தீட்டியிருந்தார்கள். சுவரின் வலது ஓரத்தில் மூன்று முகங்கள். முதல் முகம், மாரடைப்பில் போன பயிற்சியாளர். இரண்டாவது, நெடுஞ்சாலை விபத்தில் போன ஆட்டக்காரர்.

மூன்றாவது முகம் அவளுடைய கணவன்.

கழுத்தில் தடித்த மல்லிகை மாலை. இடையிடையே சிவப்பு ரோஜா. கீழே ஏற்றி வைத்த குத்துவிளக்கு. 'என்றும் எங்கள் நினைவில்' என்று மலாயில் ஒரு வரி.

அதற்குள் அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது. கலும்பாங்கிலிருந்து நாத்தனார் அன்னம்மா.

"அண்ணி! எப்ப எடுக்குறாங்க?" மறுமுனையில் அழுகை.

"எடுக்கல," என்றாள் உஷாராணி. "சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு." போனை வைத்தாள்.

திவாகரன் படத்தை எட்டிப் பார்த்தார். ஒரு தரம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நல்லது எதுவும் இல்லை.

"சேது வேலை," என்றார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

உஷாராணி அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

* * *

கோல சிலாங்கூர் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அந்தச் சுவர் தெரிந்தது. ஆழ்ந்த நீலத்தில் பளபளவென்று. இடது ஓரத்தில் தகரக்கூரை போட்ட பழைய சிமெண்டுத் தளம், குழு பிறந்த இடம். பிறகு கழுகுச் சின்னம். நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு முதுகு. மஞ்சள் ஜெர்சி, காற்றில் எழும்பிய கை, கையை விட்டுப் பிரிந்த பந்து. கோல ஈகல்ஸ் இதுவரை வாங்கிய ஒரே சாம்பியன் கிண்ணம் அந்தப் பந்தால் வந்தது. அந்த முதுகும் திவாகரனுடையதுதான்.

சாரத்தின் மேல் நின்று ஒரு பெண் எழுத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள். உஷாராணி மோட்டாரை அணைக்கவில்லை.

"இறங்கு!"

"யாரு நீங்க?"

"மேல இருக்காரே மூணாவது ஆளு, அவரு பொண்டாட்டி. இறங்குடி கீழ!"

லோகேஸ்வரி இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை நீலச் சாயம். செரண்டாக்காரி. பள்ளிக்கூடம், கோயில், முடிதிருத்தும் கடை என்று எந்தச் சுவரையும் விடாதவள். வந்தவள் துக்கத்தில் வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தை இறக்கிக்கொண்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் நல்ல ஆட்டக்காரருன்னு சொன்னாங்க. வருத்தமா இருக்கு..."

"காலையில ரெண்டு ரொட்டி சாப்பிட்டாரு. இப்ப செம்பனைக் குலை ஏத்தப் போயிட்டாரு. எந்த ஆளுக்கு நீ வருத்தப்படுற?"

லோகேஸ்வரியின் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றது. சாயம் சொட்டி அவள் செருப்பில் விழுந்தது.

"உயிரோட இருக்காரா?"

"உனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

"ஆச்சுக்கா."

"உன் புருசன் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏத்தி வீட்டுல மாட்டி வைப்பியா?"

லோகேஸ்வரி அண்ணாந்து மூன்றாவது முகத்தைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவன் கழுத்தில் மாலை விழலாம். அவன் படத்தின் மேல் விழக்கூடாது. அது தெரியாத தமிழ் வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது.

"மேனேஜர் சொன்னாருக்கா. மூணு பேரும் போய்ட்டாங்க, மாலையோட போடுன்னு. வழக்கமா நான் மாலை வரையறதுக்கு முன்ன வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்பேன். இதுல கேக்கல. கூட ஆடுனவரே சொல்றாரே, இதுல என்ன கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

"இப்ப கேட்டுட்ட. அழி."

"அவரு ஒரு வார்த்தை..."

"அவரையே கேட்டுருவோம். நட."

* * *

சேதுவின் அறையில் குளிர்சாதனம் உறைய வைத்தது. ஒரு காலத்தில் குழுவின் கேப்டன். இப்போது பொது மேலாளர். சட்டைப் பையில் தங்க நிறப் பேனா, முழங்காலில் பழைய அறுவைத் தழும்பு, வாயில் எந்நேரமும் ஒரு புன்னகை. உஷாராணியைப் பார்த்ததும் அந்தப் புன்னகை ஒரு கணம் வழுக்கியது. உடனே திரும்பி வந்தது.

"அடடே, உஷாவா! வா தங்கச்சி, உக்காரு. டீ சொல்லட்டா?"

"எம் புருசன எப்ப சாகடிச்சீங்க?"

"என்னா தங்கச்சி இப்படிப் பேசுற..."

"தங்கச்சின்னு சொல்லாதீங்க. எப்ப?"

லோகேஸ்வரி கதவோரமாக நின்றாள். சேது அவளிடம் வெளியே போகச் சொல்லி விரலை அசைத்தார். அவள் போகவில்லை.

"சரி. உண்மையைச் சொல்லிடறேன்," சேது நாற்காலியில் சாய்ந்தார். "புது முதலாளி டத்தோ வந்த முதல் நாளே என்னா கேட்டாரு தெரியுமா? 'அந்தக் கடைசிப் பந்து போட்டவன் எங்கே? கூப்பிடு, திறப்பு விழாவுல அவன்தான் எனக்குப் பக்கத்துல உக்காரணும்.' எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்க வேணாம். செத்துட்டான்னு சொல்லிட்டேன். முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம் சுவத்துல படம் போடணும்னாரு. செத்தவனை மாலை இல்லாம எப்படிப் போடறது?"

உஷாராணிக்குப் பழைய கதை தெரியும். அது உடைமாற்றும் அறையில் நடந்தது. தோட்டத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பையனை, பந்தைத் தவறவிட்டதற்காக, சேது "லயத்து நாய்" என்று சொன்னார். திவாகரன் எழுந்து வந்து மொத்தக் குழுவுக்கும் முன்னால் கேப்டனின் கன்னத்தில் ஒரு அறை கொடுத்தார். அடுத்த பருவத்தில் திவாகரனுக்கு ஒப்பந்தம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தான் என்று ஒரு வதந்தி மட்டும் இருந்தது. யார் கிளப்பியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

"சனிக்கிழமை விழா," சேது தொடர்ந்தார். "டத்தோ வந்து மூணு பேருக்கும் விளக்கு ஏத்துவாரு. ஒரு நிமிசம் எல்லாரும் எழுந்து நிப்பாங்க. திங்கக்கிழமை நானே ஆள் விட்டு மாலையை அழிச்சிடறேன். அதுவரைக்கும் சும்மா இரு, போதும்."

"ஊரே எழுந்து நின்னு எம் புருசன் பேருல விளக்கு ஏத்துனதுக்கு அப்புறம் அழிச்சு என்னா பிரயோஜனம்? அவரு தினம் கால்வாய் ஓரமா லோரி ஓட்டுறவரு. நான் தினம் வாசல்ல கண்ணை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவ. சனிக்கிழமைக்கு முன்ன அந்த மாலை போகணும்."

"போகாது."

"டத்தோகிட்ட நான் பேசுறேன்."

"உன்னை வாசல்ல காவல் நிக்கற ஜாகா தாண்டவே விட மாட்டான். தாண்டிட்டா கூட, நீ சொன்னா டத்தோ நம்பிடுவாரா? ஆளைக் காட்டுன்னு கேப்பாரு." சேது குனிந்து குரலைத் தாழ்த்தினார். இப்போது அந்தப் புன்னகை நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது. "காட்டு பாப்போம். கூட்டிட்டு வா உம் புருசனை. 'இந்த மண்ணுல எங்காலு படாது, முருகன் மேல சத்தியம்'னு கத்திட்டுப் போனவன்தானே? இருபது பேரு கேட்டாங்க. அவன் வறட்டுக் கௌரவம் எனக்குத் தெரியாதா? நிஜமாவே செத்தாலும் பொணம்கூட இந்தப் பக்கம் வராது."

உஷாராணி எழுந்தாள். மேசையில் இருந்த குட்டிக் கிண்ணத்தை, கழுகு பொறித்த அந்த மாதிரிக் கிண்ணத்தை, எடுத்துப் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள்.

"இதுகூட அவரு வாங்கிக் கொடுத்ததுதான்," என்றாள்.

* * *

"வர மாட்டேன்."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். வந்து நின்னா போதும்."

"வர மாட்டேன்னு சொல்லிட்டேன்ல."

சாயங்காலம். வீட்டு முன்னால் லோரி. திவாகரன் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் இன்னும் பல பேர் துக்கம் கேட்டுப் போன் செய்துவிட்டார்கள். ஒருவன் அவரிடமே கேட்டான்.

"உங்களைச் சாகடிச்சு சுவத்துல மாட்டியிருக்கான். உங்களுக்குச் சுருக்குன்னு இல்லையா?"

"அந்த எடத்துல நான் செத்துதான் போனேன். என்னைக்கோ. இப்பதான் படம் போட்டிருக்கான். விடு."

"எனக்கு நீங்க சாகல."

"சத்தியம் பண்ணியிருக்கேன் உஷா."

"எங்கிட்டயும்தான் அம்மி மிதிச்சுப் பண்ணீங்க. அது சத்தியம் இல்லையா? சேதுகிட்ட பண்ணதுதான் சத்தியமா?"

குச்சி முறிந்தது. திவாகரன் எழுந்து, அவளைத் தாண்டி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் சாத்திய கதவைப் பார்த்துக் கத்தினாள். "சேது சொன்னான், பொணம்கூட வராதுன்னு! அவன் உங்கள எங்கிட்ட சொல்லிக் காட்டுறான்! கேட்டுச்சா?"

கேட்டது. அடுத்த வீட்டு வேலம்மாவுக்கும் கேட்டது. கதவு திறக்கவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை சாப்பாட்டு நேரத்தில் லோகேஸ்வரி கூப்பிட்டாள். குரல் படபடத்தது.

"அக்கா, காலையில மாலையை அழிக்கலாம்னு போனேன். சாரத்தைப் பிரிச்சு லோரியில ஏத்திட்டாங்க. என் சாயம் மொத்தத்தையும் சேது ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டாரு. வேலை முடிஞ்சுது, நாளைக்கு விருந்தாளியா வந்தா போதும்னு சொல்றாரு."

"மாலை மேல அடிக்க ஜெர்சி மஞ்சள் கடையில கெடைக்காதா?"

"கெடைக்கும். வாங்கிடறேன். ஆனா அந்த மாலை என் தலைக்கு மேல இன்னொரு ஆள் உயரத்துல இருக்கு. ஏணியோட போனா ஜாகா விடுவானா?"

"சாயத்தை வாங்கு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்னா பாத்துக்குவீங்க?"

உஷாராணிக்குத் தெரியவில்லை. "பாத்துக்கறேன்னு சொல்றேன்ல," என்று வைத்துவிட்டாள். அன்று அவள் வரிசையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் திட்டு வாங்கினார்கள்.

* * *

சனிக்கிழமை காலை. அரங்கத்து வாசலில் சிவப்பு ரிப்பன். உறுமி மேளம் ஒரு பக்கம், மலாய்க் கைப்பறையான கொம்பாங் அடிக்கும் பையன்கள் ஒரு பக்கம். பந்தலுக்குக் கீழே பெரிய மனிதர்களுக்கு உறை போட்ட நாற்காலிகளும், ஆள் உயரத்துக்கு நிற்கும் இரண்டு மின்சாரக் காற்றாடிகளும். மற்ற சனம் வெயிலில்.

உஷாராணி மோட்டாரை நிறுத்திவிட்டு நடந்து வந்தாள்.

கல்யாணத்துக்குப் போவதுபோல் அரக்குப் பட்டு. தலை நிறையப் பூ. நெற்றியில் காசு அளவு குங்குமம், வகிட்டிலும் குங்குமம். தாலிக்கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டிருந்தாள். வெயிலில் அது மின்னியது.

ஜாகாவின் வேலை ஏணியோடு வருகிறவர்களை நிறுத்துவது. பட்டுச் சேலையில் வருகிற அம்மாவை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கும்பிட்டு உள்ளே விட்டான்.

டத்தோ சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். பாத்திக் சட்டை, நரைத்த மீசை. கையில் நீண்ட மெழுகுவத்தி. அவருக்குப் பக்கத்தில் மைக்கோடு சேது. மூன்று முகங்களுக்குக் கீழே நிஜமான மூன்று குத்துவிளக்குகள்.

"மறைந்த நம் வீரர்களுக்காக," சேதுவின் குரல் ஒலிபெருக்கியில் தழுதழுத்தது, "எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம்..."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சனம் அடங்கியது. டத்தோ முதல் விளக்கை ஏற்றினார். இரண்டாவதை ஏற்றினார். மூன்றாவதற்குக் குனிந்தார்.

உஷாராணி விளக்குக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

கூட்டத்தில் இருந்த தமிழர்களுக்கு அவளை அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது. தெரிந்ததும் ஒரு முணுமுணுப்பு பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. செத்தவன் பெண்டாட்டி. நெற்றியில் பொட்டு. தலையில் பூ. கழுத்தில் தாலி. உறுமிக்காரர் ஒருவர் தன்னையறியாமல் வாத்தியத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

"டத்தோ," அவள் மலாயில் சொன்னாள், "இந்த விளக்கை ஏத்தாதீங்க. இவரு எம் புருசன். சாகல."

டத்தோ நிமிர்ந்தார். சேதுவைப் பார்த்தார்.

சேதுவுக்கு யோசிக்க நேரமில்லை. டத்தோவின் காதோரம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். மைக்கைத் தாழ்த்தவில்லை.

"பாவம் டத்தோ, கொஞ்சம் மனநிலை சரியில்ல. திவாகரன் போனதுக்கு அப்புறம் இந்தப் பொம்பளை வேற ஒருத்தன் கூடப் போய்ட்டா. அவன் கட்டுன தாலி அது."

பந்தலின் நான்கு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகள் அதைச் சொல்லின. வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டிச் சொல்லின.

சாலையின் எதிர்ப்பக்கம், சாத்தே கடைக்குப் பக்கத்தில், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வெகு நேரமாக நின்றிருந்தது. ஓட்டுநர் சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

லோரி உறுமியது.

முதலில் ஜாகா ஒதுங்கினான். பிறகு கொம்பாங் பையன்கள். சிவப்பு ரிப்பன் லோரியின் நெற்றியில் மாட்டி, நீண்டு, அறுந்து, இரண்டு பக்கமும் பறந்தது. உஷாராணி ஏற்றாத விளக்கைத் தூக்கிக்கொண்டு டத்தோவோடு ஒதுங்கினாள். லோரி நேராகச் சுவரை நோக்கி வந்து, மூன்றாவது முகத்துக்குக் கீழே ஒரு முழ இடைவெளியில் நின்றது. இரண்டாவது விளக்கு சாய்ந்து விழப் பார்த்தது. டத்தோவே பிடித்து நிறுத்தினார்.

ஓட்டுநர் கதவைத் திறந்தார். இறங்கவில்லை. படிக்கட்டில் நின்றார். அவர் தலைக்கு மேலே, மாலையோடு, அதே முகம். அதே மூக்கு, அதே வெட்டுப்பட்ட புருவம். கீழே இருந்ததில் மட்டும் நரையும் செம்பனை எண்ணெய்க் கறையும்.

"எவன் கட்டுன தாலிடா அது?" என்றார் திவாகரன்.

"இறங்குடா கீழ!" சேதுவின் குரல் கிறீச்சிட்டது. மைக் அதையும் சொன்னது. "விழாவுல லோரியைக் கொண்டாந்து விடுறியா? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"இறங்க மாட்டேன்டா. உன் மண்ணுல கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன்ல. இன்னும் வைக்கல. லோரி ஒண்ணும் சத்தியம் பண்ணல."

கூட்டத்தில் யாரோ கைகொட்டிச் சிரித்தார்கள். டத்தோ சிரிக்கவில்லை. சேதுவின் கையிலிருந்து மைக்கை எடுத்து, அணைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

"சேது. இவர் செத்துட்டார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேள்விப்பட்டேன் டத்தோ. யாரோ..."

"முந்தாநாள் எங்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனாரு," என்றாள் உஷாராணி. "சாகலன்னு தெரிஞ்சுதான் பேசுனாரு. இதோ, வரைஞ்ச பொண்ணும் கூட இருந்துச்சு. கேளுங்க."

லோகேஸ்வரி சாயத் தகரத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "ஆமா டத்தோ. உயிரோட இருக்கறவங்க படத்துக்கு எங்க ஆளுங்க மாலை போட மாட்டோம். போட்டா அவரு போய்ட்டாருன்னு அர்த்தம். இவருக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் போடச் சொன்னாரு."

"நான் அழகுக்குப் பூ போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்," என்றார் டத்தோ மெல்ல. சுவரைப் பார்த்தார். பிறகு சேதுவைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் சேதுவின் புன்னகை ஒவ்வொரு துண்டாக உதிர்ந்து, கடைசியில் வெறும் பல் மட்டும் தெரிந்தது.

டத்தோ லோரிப் பக்கம் திரும்பினார். குரலில் மரியாதை. "திவாகரன், இறங்கி வாங்க. என் பக்கத்துல உக்காருங்க. மாலையை இப்பவே எடுக்கச் சொல்றேன்."

"மாலைய மட்டும் எடுத்தா போதாது டத்தோ. மூஞ்சியையும் எடுங்க. நடுவுல இருக்கே முதுகு, அதையும் எடுங்க. என்னைத் திருடன்னு சொன்ன குழுவோட சுவரு இது. அதுல எனக்கு எடம் வேணாம்."

"மூஞ்சி இருக்கட்டும்," என்றாள் உஷாராணி.

"வேணாம்னு சொல்றேன்ல."

"இருக்கட்டும்னு சொல்றேன்ல!" அவள் லோரியின் கதவை அறைந்தாள். அத்தனை கூட்டத்துக்கும் முன்னால், ஒலிபெருக்கி இல்லாமலே, சாலை வரை கேட்டது. "மொத்தமா அழிச்சா நீங்க இந்த எடத்துல இருந்ததே இல்லன்னு ஆயிடும். அவன் ஆசைப்பட்டதே அதுதானே? அவன் ஆசையை நீங்களே முடிச்சுக் குடுக்கிறீங்களா? எனக்கு மாலை போகணும். ஆளு இருக்கணும். லோகேஸ், ஏறு!"

"எங்கக்கா ஏறுறது?"

"இதோ நிக்குதே."

லோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு லோரியின் முன்சக்கரத்தில் கால் வைத்து, கண்ணாடிக் கம்பியைப் பிடித்து, கேபின் கூரை மேல் ஏறினாள். கை எட்டியது. திவாகரன் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

மஞ்சள் சாயம் தோளிலிருந்து இறங்கியது. ரோஜாக்கள் மறைந்தன. மல்லிகை மறைந்தது. கீழே வரைந்திருந்த குத்துவிளக்கை நீலம் விழுங்கியது. அதற்கு முன் நீலச் சாயம் வேண்டுமென்று கேட்டபோது டத்தோ சேதுவிடம் கையை நீட்டினார். சேது ஸ்டோர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

லோகேஸ்வரி இறங்கினாள். உஷாராணி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"இன்னும் தெரியுது."

உண்மைதான். ஈர மஞ்சளுக்கு உள்ளே மாலையின் வளைவு மங்கலாகத் தெரிந்தது.

"மஞ்சள் அப்படித்தான்கா. ஒரே தடவையில மூடாது. காஞ்சதும் இன்னொரு கோட் அடிக்கணும்."

"அடி."

"காயணும்கா. ஈரத்துல அடிச்சா உரிஞ்சிடும்."

"அப்ப காயட்டும்."

உஷாராணி பந்தலுக்குள் போனாள். முன்வரிசையில், டத்தோவுக்கு அடுத்த இருக்கையில், சேதுவின் பெயர் எழுதிய அட்டை இருந்தது. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, விழாவைத் தொடரணும்..." என்று யாரோ தயங்கித் தயங்கி வந்தார்.

"அந்த மாலை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் இங்க ஒரு விழாவும் நடக்காது. டத்தோ, நீங்களும் உக்காருங்க."

டத்தோ உட்கார்ந்தார்.

லோரியிலிருந்து ஹாரன் அலறியது. "உஷா! மில்லுல காத்துக்கிட்டு இருக்காங்க! பழம் கெடுதுடி!"

"கெடட்டும்!" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "லோரியை எடுத்தா அந்தப் பொண்ணு எது மேல ஏறும்? அங்கயே இருங்க!"

ஹாரன் இன்னொரு தரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. வெயில் ஏறியது. பெரிய மனிதர்கள் விழாத் தாளால் விசிறிக்கொண்டார்கள். காற்றாடிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் சுகமாக இருந்தார்கள். உஷாராணி அதைக் கவனித்தாள்.

"அந்தக் காத்தாடி ரெண்டையும் சுவத்துப் பக்கம் திருப்பச் சொல்லுங்க," என்றாள். "சீக்கிரம் காயும்."

டத்தோ தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"சேது."

சேது வந்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றாடிகளை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவற்றின் முகத்தை மேலே தூக்கி, சுவரில் இருந்த திவாகரனின் கழுத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் உஷாராணி.